சங்கத்துக் கோப்பைகள்

உலகத்தில் எல்லாரும் ஒரு பொது மொழி பேசினால் பாதிச் சண்டை குறைந்துவிடும் என்பது என் வீட்டுக்காரருடைய கட்சி. சொல்லட்டும், வேண்டாமென்றா சொன்னேன்? ஆனால் அந்தப் பொது மொழி தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் மொத்தம் நாலே நாலு பேர். அதில் இரண்டு பேர் மூன்று வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். ஒருவர் இவர். இன்னொருவன் என் கூடப்பிறந்த தம்பி. இந்த அழகில் உலகத்தைச் சேர்த்துவைக்கக் கிளம்பினார்கள்.

மொழியின் பெயர் எஸ்பெராண்டோ. எந்த நாட்டுக்கும் சொந்தமாக இல்லாமல் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நூறு வருடத்துக்கும் முன்னால் ஒரு கண் டாக்டர் உட்கார்ந்து உண்டாக்கியதாம். இவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பே தபாலில் பாடம் தருவித்துப் படித்தவர். லிஃப்ட் நடுவில் நின்றுபோய் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்திக்கொண்டிருக்க, இவர் மேலே மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். இருக்கும். செய்யக்கூடிய ஆள்தான்.

தம்பி பதினாறு வயதில் எங்களோடு வந்து தங்கினான். அப்பா அம்மா இல்லாத பிள்ளை. எனக்கும் அவனை விட்டால் வேறு ஆளில்லை. இவர் அவனுக்கு அந்த மொழியைக் கற்றுக்கொடுத்தார். ஆறே மாதத்தில் அவன் இவரைத் தாண்டிவிட்டான். பொறாமைப்படுவார் என்று பார்த்தால், மனுஷன் பூரித்துப்போய்த் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது இரண்டு பேரும் அந்த மொழியில் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். உப்பு கூடிவிட்டது என்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். புரியாது என்று நினைத்தீர்களா என்று தட்டை இழுப்பேன். இரண்டு தலையும் ஒன்றாகக் குனியும். அப்படி இருந்த வீடு இது.

என் தையல் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிமுதல் ஐந்துவரை அதுதான் சங்கம். இவர் செயலாளர். அடுத்தது தம்பி, பல்செட் செய்கிற கூடத்தில் வேலை. மூன்றாவது கணக்கு டீச்சர். நாலாவது கப்பல்காரர், முப்பது வருடம் கப்பலில் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். தலைவர் என்று யாரும் இல்லை. நாலு பேரில் ஒருவர் தலைவரானால் மீதி மூன்று பேரும் கோபித்துக்கொள்வார்களாம்.

சங்கத்துக்கு இருப்பது ஒரே விதி. அந்த ஒரு மணி நேரம் அறைக்குள் வேறு மொழியில் பேசக் கூடாது. இந்த மொழிக்காரர்கள் கூடுகிற இடத்தில் ஒருவர் தன் தாய்மொழியில் பேசினால் அவரை ‘முதலை’ என்று கேலி செய்வது உலகம் முழுக்க வழக்கமாம். எங்கள் ஊர்ச் சங்கத்தில் கேலியோடு விடுவதில்லை. யார் வாய் தவறுகிறதோ, அவர் அன்றைக்குத் தேநீர் குடித்த கோப்பைகள் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். செயலாளர் ஸ்பூனை எடுத்துக் கோப்பையில் ஒரு தட்டுத் தட்டுவார். ‘டிங்’ என்று கேட்கும். அதற்கு மேல் பேச்சில்லை, எழுந்து போய்க் கழுவ வேண்டியதுதான். கப்பல்காரருக்குத்தான் அடிக்கடி மாட்டும். மற்றதெல்லாம் பேசிவிடுவார், கோபம் வந்தால் மட்டும் சொந்த மொழிக்கு ஓடிவிடுவார். யாரும் வாய் தவறாத நாளில் இவரே கழுவுவார். நான் ஒருநாளும் அந்தக் கோப்பைகளைத் தொட்டதில்லை. சங்கத்துக் கோப்பையைச் சங்கத்துக்காரர்கள் கழுவட்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொள்ளவும் இல்லை. வீட்டில் இரண்டு பைத்தியம் போதும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது தம்பி கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனான், அவன் பெண்டாட்டி உண்டானாள். சங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால், பிறந்ததிலிருந்தே குழந்தையிடம் அந்த மொழியில்தான் பேசப்போகிறேன் என்று தம்பி சொல்லிவிட்டான். அவள் நல்ல பெண். நீங்கள் உங்கள் மொழியில் பேசுங்கள், நான் என் மொழியில் பேசுகிறேன், குழந்தைக்கு எது பிடிக்கிறதோ அதில் அது அழட்டும் என்றாள். யாரோ உண்டாக்கி, எல்லாரும் புத்தகம் வைத்துப் படித்த ஒரு மொழி, எங்கள் ஊரில் முதல் தடவையாக ஒரு குழந்தை வாயில் வரப்போகிறது. இவர் இரண்டு வீடு தள்ளியிருக்கும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார். தம்பி ஒரு சின்ன நோட்டு வாங்கி, குழந்தைக்கு என்னென்ன வார்த்தை வேண்டுமோ எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தான்.

ஆறாவது மாதம். குழந்தை தங்கவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு பேரும் எங்களிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தம்பி வழக்கம்போல வந்தான். முகம் சரியில்லை என்று கீழேயே நினைத்தேன். கடையில் ஆள் இருந்ததால் கேட்கவில்லை. அந்த வலி எனக்கு இன்னும் போகவில்லை. மேலே போனவன் உட்காராமல் நின்றுகொண்டே நம் மொழியில், “ஒரு விஷயம் சொல்லணும்” என்று ஆரம்பித்தானாம். இவர் சிரித்துக்கொண்டே ஸ்பூனை எடுத்துத் தட்டிவிட்டார். டிங்.

தம்பி கொஞ்ச நேரம் அந்தக் கோப்பையைப் பார்த்தானாம். பிறகு நாலு கோப்பையையும் எடுத்துக்கொண்டு மூலையில் இருக்கும் தொட்டிக்குப் போனான். ஒன்றொன்றாகக் கழுவினான். துடைத்தான். கவிழ்த்து வைத்தான். என்னைத் தாண்டித்தான் வெளியே போனான், நிற்கவில்லை. அரை மணி கழித்துத் தம்பி பெண்டாட்டி எனக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். நான் மேலே ஓடிப்போய்ச் சொன்னபோது இவர் கையில் அந்த ஸ்பூன் இருந்தது. அதற்குப் பிறகு அவர் அதைத் தொட்டதில்லை. தட்டுகிற வேலை கப்பல்காரருக்குப் போய்விட்டது.

தெரியாமல் செய்ததுதான். மறுநாள் அவன் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு நாள் லீவு போட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலு பக்கத்துக்கு அந்த மொழியிலேயே மன்னிப்புக் கடிதம் எழுதினார். ‘மதிப்புக்குரிய தோழர் அவர்களுக்கு’ என்று தொடக்கம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஏன், நம் பேச்சில் எழுதினால் கை கோணிக்கொள்ளுமா என்று கேட்டேன்.

“இதைவிட மரியாதையா எனக்கு எதுலயும் எழுதத் தெரியாது” என்றார்.

நிஜமாகத்தான் சொன்னார். அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்ட எண்ணம் இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம், இந்த மாதிரி ஆளை என்ன செய்வது? தம்பியிடமிருந்து ஒரே வரி பதில் வந்தது, நம் மொழியில். ‘விதிப்படி கோப்பைகளைக் கழுவிவிட்டேன். வேறு பாக்கி இல்லை.’

பிறகு இவர் இரண்டு தடவை அவன் வேலை செய்கிற கூடத்துக்கே போனார். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பல் அச்சுக்காக மாவில் வார்த்த வாய்கள். அத்தனை வாய்க்கு நடுவில் ஒருவரும் பேசவில்லை. தம்பி பல்லைத் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்தவே இல்லையாம். இவர் கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அத்தோடு இரண்டு பக்கமும் வீம்பு ஏறிவிட்டது. தம்பி என்னைப் பார்க்க வருவான், இவர் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து. நானும் போவேன். இவரைப் பற்றிய பேச்சை எடுத்தால், “அக்கா, வேற பேசு” என்பான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர்தான் வருவார்கள். இவர் நாலு கோப்பைதான் வைப்பார். நாலாவதில் தேநீர் ஊற்றுவதில்லை. ஆனால் கழுவி வைப்பார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

போன வருடம் தம்பி வந்து, வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு பேரும் மூன்று வாரத்தில் கிளம்புகிறோம் என்றான். குளிர் நாடு. திரும்பி எப்போது வருவீர்கள் என்றேன். தெரியாது என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவன் இப்படியே விமானம் ஏறிவிட்டால் இந்த ஜென்மத்தில் இரண்டு பேரும் பேசப்போவதில்லை. கடிதம் எழுதிச் சமாதானம் ஆகிற ஜாதியா இவர்கள்? கடிதத்தில்தானே கெட்டதே. இவன் போவதற்குள் இரண்டு பேரையும் ஒரே அறையில் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் நடப்பது நடக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

குளிருக்குக் கோட்டு தைத்துத் தருகிறேன் என்றேன். கம்பளித் துணி, உள்ளே வழுவழுவென்று லைனிங். அளவு எடுக்கும்போது, உள்பக்கம் இடது மார்பில் ஒரு பை வேண்டும் என்று விரலால் அளவு காட்டினான். சின்னதாக இருந்தது. என்ன வைக்க என்றேன். பாஸ்போர்ட் என்றான். முப்பது வருடமாகப் பை தைக்கிறேன், பாஸ்போர்ட் அளவு எனக்குத் தெரியாதா? ஆனால் கேட்கவில்லை.

ஒட்டுத்தையல் போட்டுவிட்டுப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வா, போட்டுப் பார்த்தால்தான் மேற்கொண்டு தைக்க முடியும் என்றேன்.

“அக்கா, நாலு மணியா?”

“ஆமாடா, மத்த நேரம் எனக்கு ஒழியலை.”

சனிக்கிழமை, கடையில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கணக்கு டீச்சரைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. கணக்குப் போடத் தெரிந்தவர் அல்லவா. கண்ணாடி எதற்கு இங்கே என்று இவர் கேட்டதற்கு, கீழே இடம் அடைக்கிறது என்றேன். உடனே நம்பிவிட்டார். உலகத்தையே நம்புகிறவர், என்னை நம்பமாட்டாரா?

ஞாயிறு நாலே காலுக்குத் தம்பி வந்தான். மேலே கதவு சாத்தியிருந்தது. கோட்டை மாட்டிவிட்டேன். தோளில், கையில், இடுப்பில், முதுகில் எல்லாம் குண்டூசி குத்தினேன். தேவைக்கு மேல் இருபது ஊசி கூடக் குத்தியிருப்பேன். அதைப் போட்டுக்கொண்டு ஒருவன் உட்காரவும் முடியாது, ஓடவும் முடியாது, என் உதவி இல்லாமல் கழற்றவும் முடியாது. கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றான்.

“கண்ணாடி எங்கக்கா?”

“மேல இருக்கு. முதுகு எப்படி விழுதுன்னு நீயே போய்ப் பாத்துக்கோ.”

என்னைப் பார்த்தான். நான் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு காலரைச் சரிசெய்தேன். சின்ன வயதில் மருந்து கொடுக்கப் போனால் இப்படித்தான் பார்ப்பான். பிறகு திரும்பிப் படி ஏறினான். தெரிந்தேதான் ஏறினான் என்று நான் சத்தியம் செய்வேன். ஊசி குத்திய கோட்டு ஒரு சாக்கு, அவ்வளவுதான். அவனுக்கும் வேண்டியிருந்தது. நான் பின்னாலேயே போனேன்.

கதவைத் திறந்ததும் மேஜையைச் சுற்றி மூன்று பேர், மேஜைமேல் நாலு கோப்பை. இவர் வருகைப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தம்பியின் கண் நேரே அந்தக் காலிக் கோப்பைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

இவர் வாயைத் திறந்து அந்த மொழியில் ஏதோ ஆரம்பித்தார். வருக, தோழரே என்று சங்கத்தில் சொல்கிற வழக்கமான வரவேற்பு அது என்று பிறகு டீச்சர் சொன்னார். இரண்டு வார்த்தையில் நின்றுவிட்டது. ஐயோ, மறுபடியும் அகராதியைத் தேடப்போகிறார், கெட்டது போ என்று நினைத்தேன். இவர் வருகைப் பதிவை மேஜைமேல் வைத்தார்.

“மாப்ள” என்றார்.

அந்த அறையில் அந்த நேரத்தில் நம் மொழியை அவர் வாயால் இருபது வருடத்தில் யாரும் கேட்டதில்லை. கப்பல்காரருடைய கை பழக்கத்தில் ஸ்பூனுக்குப் போயிற்று. டீச்சர் அந்தக் கையை அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, அன்னிக்கு நீ வாயெடுத்தப்போ நான் என்னன்னு கேட்டிருக்கணும். கேக்கலை. தட்டிட்டேன். அப்புறம் மன்னிப்பையாவது நம்ம பேச்சுல கேட்டிருக்கணும். அதையும் புத்தகத்தைப் பாத்து எழுதினேன். எனக்கு அறிவில்லை. நீ என்னை நாலு வார்த்தை திட்டாமக்கூடப் போயிடாதே.”

சொல்லிவிட்டு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அந்த ஆளை அவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

தம்பி கையை விரித்தபடியே நின்றான். பிறகு மெல்ல ஒரு கையை மடக்கிச் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தான். ஊசி குத்தியிருக்கும், முகம் சுளித்தான். சின்ன நோட்டு. ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. அளவைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த உள்பை எதற்கென்று. அவன் அதைத் திறக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான், அந்த மொழியில்.

நிதானமாகப் பேசினான். இவர் கண் கலங்கிக்கொண்டு வந்தது. எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. அந்தப் பேச்சில் நான் பிடித்துக்கொண்ட ஒரே சொல் ‘மாமா’. தோழர் என்று சொல்லவில்லை, அந்த மொழிக்கு நடுவிலும் மாமா என்றுதான் கூப்பிட்டான். நான் தவிப்பதைப் பார்த்து டீச்சர் என் பக்கம் சாய்ந்து, விதியைப் பற்றிக் கவலைப்படாமல், நம் மொழியில் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

“எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா, ஆறு மாசம்னு சொல்றான். அவகிட்ட பேசறதுக்குன்னு முந்நூறு வார்த்தை சேத்து வெச்சிருந்தானாம். அன்னிக்கு இங்க வந்து நம்மகிட்ட சொல்லணும்னுதான் வந்தானாம். அந்த முந்நூறுல ஒண்ணுகூட அதைச் சொல்ல உதவலையாம். அதான் நம்ம பேச்சுல ஆரம்பிச்சானாம். இப்ப சொல்லத் தெரியுதாம். மூணு வருஷமா தனியாச் சொல்லிச் சொல்லிப் பழகினானாம்.”

இவர் மேஜையைச் சுற்றி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு ஊசியோடு.

“மெதுவா, ஊசி இருக்கு, ரெண்டு பேருக்கும் குத்தப்போகுது” என்று நான் கத்தினேன். அழுதுகொண்டேதான் கத்தினேன், மறைக்க என்ன இருக்கிறது? குத்தத்தான் செய்தது. இவர் சட்டையில் இரண்டு இடத்தில் ரத்தப் பொட்டு. விடவில்லையே மனுஷன்.

அப்போது பின்னால் ‘டிங்’ என்று கேட்டது. கப்பல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்பூனால் எங்களை ஒவ்வொருவராகக் காட்டினார். செயலாளர், டீச்சர், நான். மூன்று முதலைகள். நான் சங்கத்தில் இல்லையே என்று சண்டைக்குப் போனேன்.

“ரூமுக்குள்ள பேசினா நீங்களும் சங்கம்தாம்மா” என்றார், நம் மொழியில். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஸ்பூனை வைத்துவிட்டு அவரும் எழுந்து வந்தார்.

அந்தச் சின்னத் தொட்டியில் நாலு கோப்பைக்கு நாலு பேர் முட்டிக்கொண்டு நின்றோம். விதியை மீறாத ஒரே ஆள் தம்பிதான். கையை விரித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, முதுகு இடது பக்கம் கொஞ்சம் தூக்குகிறது அக்கா என்றான். அதோடு அவனும் முதலையாகிவிட்டான். இவர் அந்தக் காலிக் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் தேநீர் ஊற்றி, அவனால் கையை வாய்வரை மடக்க முடியாததால், தானே வாயில் வைத்துக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து இரண்டு பேரும் கிளம்பினார்கள். நோட்டு கோட்டின் உள்பையில் கச்சிதமாகப் போயிற்று. அதன் முதல் பக்கத்தை மட்டும் நம் எழுத்தில் ஒரு தாளில் எழுதி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். முப்பது வார்த்தை. நிலாவுக்கு லூனோ, பாலுக்கு லாக்தோ, பந்துக்குப் பில்கோ.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு நானும் மேலே போகிறேன். தம்பி கோப்பை என்னுடையதாகிவிட்டது. அந்த முப்பது வார்த்தையும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் நிலாவையும் பாலையும் பந்தையும் வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் எவ்வளவு நேரம் பேச முடியும்? ஐந்து நிமிடம் தாங்காது, வாய் தவறிவிடும். கப்பல்காரர் ஸ்பூனை எடுத்துவிடுவார். வாரா வாரம் கோப்பை கழுவுவது நான்தான்.